ஆளைத் தின்னாத தண்ணீர்

செஞ்சிக்கு வாழ வந்த புதிதிலேயே எனக்கு ஒரு பட்டம் கிடைத்தது: மீன் திங்காத மீன்காரி. கொடுத்தவர் என் கணவர். கேலிக்குத்தான் சொன்னார். தெரு அதைப் பிடித்துக்கொண்டது, இன்றுவரை விடவில்லை.

நான் மரக்காணம் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பிறந்தவள். கடலில் வலை போடுகிற குடும்பம். அவர் வல்லம் பக்கத்து விவசாயக் குடும்பம். செஞ்சியில், எரிந்துபோன தண்ணீர் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றிக் கட்டும் கடை வைத்திருக்கிறார். புதுச்சேரியில் படிக்கும்போது பஸ்ஸில் பார்த்துப் பழகி, இரண்டு வீட்டையும் எதிர்த்துக் கட்டிக்கொண்டோம். அந்தக் கூத்தை எழுத உட்கார்ந்தால் இந்தக் கதை நடக்காது. நான் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். ஊசி குத்துவேன், ரத்தம் எடுப்பேன், ரிப்போர்ட் கொடுப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை மீன் வண்டி வந்தால் தெருப் பெண்கள் என்னைத்தான் கூப்பிடுவார்கள். செவுளைத் தூக்கிப் பார்த்து, வயிற்றை அமுக்கிப் பார்த்து, அது ஐஸில் எவ்வளவு நாள் கிடந்தது என்று வண்டிக்காரர் முகத்துக்கு நேரே சொல்லிவிடுவேன். அவருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. வாங்கி வந்து, ஆய்ந்து, மண்சட்டியில் குழம்பு வைத்து எல்லோருக்கும் போடுவேன். எனக்கு மட்டும் ரசம். அடுத்த வீட்டில் ஒரு ஜைன அம்மா இருக்கிறார். அவருக்கு என்மேல் தனி மரியாதை. "கடக்கரையில பொறந்தும் வாயக் கட்டிக்கினு இருக்குற பாரு, அது பெரிய புண்ணியம்மா" என்பார். நான் சிரித்து மழுப்புவேன். புண்ணியத்துக்கும் எனக்கும் வெகு தூரம்.

நான் படிப்பின் கடைசி வருஷத்தில் இருந்தபோது, ஓர் ஐப்பசியில், என் அப்பா, எங்கள் பேச்சில் நைனா, கடலுக்குப் போனார். ஃபைபர் படகில் மூன்று பேர். காற்று திரும்பிப் படகு கவிழ்ந்தது. மற்ற இரண்டு பேர் டீசல் கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து, வேறு ஊர்ப் படகில் ஏறி வந்துவிட்டார்கள். நைனா வரவில்லை. உடம்பும் வரவில்லை.

எங்கள் குப்பத்தில் கடல் ஓர் ஆளை எடுத்துக்கொண்டால் அந்த வீட்டார் மீனைத் தொடமாட்டார்கள். காரணத்தை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. மீன் எதையெல்லாம் தின்று வளர்கிறது என்று மீன் பிடிக்கிறவர்களுக்குத் தெரியாதா? உடம்பு கரைக்கு வந்து அடக்கமாகி, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும், பங்காளி வீட்டில் மீன் சமைத்து இலையில் வைப்பார்கள். அன்றோடு விலக்கு தீர்ந்தது. உடம்பு வரவே வராது என்று ஆனால், வைக்கோலில் ஓர் ஆள் செய்து கொளுத்திவிட்டுக் காரியத்தை முடிப்பார்கள். அதற்குப் பிறகு மீன் தின்னலாம். தின்றுதான் ஆக வேண்டும். குப்பத்தில் மீனை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

எங்கள் வீட்டுக்கும் பங்காளிகள் வைக்கோலோடு வந்தார்கள். அம்மா வாசலிலேயே நின்றுகொண்டாள்.

"வைக்கப்பிரிக்கா நான் வாக்கப்பட்டேன்? ஆளக் காட்டு, காரியம் பண்றேன். அவரு வருவாரு."

வந்தவர்கள் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனார்கள். காரியம் நடக்கவில்லை, ஆகவே விலக்கும் தீரவில்லை. நெற்றியில் பொட்டு அப்படியே, கழுத்தில் தாலி அப்படியே, சட்டியில் மீன் மட்டும் இல்லை. கூடை தூக்கி மீன் விற்றவள் அதை விட்டுவிட்டு உப்பளத்துக்கு வேலைக்குப் போனாள். பாத்தியில் பாய்ச்சிய கடல் தண்ணீர் வெயிலில் வற்றி உப்புக் கட்டும். அதை வாரிக் குவித்துத் தலையில் சுமந்து கொட்ட வேண்டும். பாதம் வெடித்து ரத்தம் வரும். அம்மா வருஷக்கணக்கில் அதைச் செய்தாள்.

கல்யாணமாகிப் போன பெண்ணுக்கு இந்த விலக்கு இல்லை என்று பங்காளிகளே எனக்குச் சொல்லிவிட்டார்கள். வேறு வீட்டுக்குப் போனவள், தாராளமாகத் தின்னலாம். நானும் தின்னப் பார்த்தேன். வாய்வரை வரும், தொண்டை மூடிக்கொள்ளும். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். எங்கள் இருவர் விஷயத்தில் அந்தப் பழமொழி பொய்யாகிவிட்டது.

உப்பு சுமந்து சுமந்து அம்மாவுக்குக் கர்ப்பப்பை இறங்கிவிட்டது. அதையும் யாரிடமும் சொல்லாமல் துணியைக் கட்டிக்கொண்டு வேலை பார்த்திருக்கிறாள். ஒரு பொங்கலுக்குப் போனபோது அவள் உட்காரும் விதத்தைப் பார்த்து நான் கண்டுபிடித்தேன். சண்டை போட்டு, அழுது, கடைசியில் அவள் துணிமணியை நானே மூட்டை கட்டி செஞ்சிக்குக் கூட்டி வந்தேன்.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஆபரேஷன் செய்தே தீர வேண்டும் என்றார். கூடவே, "இந்த ஒடம்புல நான் கத்தி வைக்க மாட்டேன். தேத்திக் கூட்டிட்டு வாங்க" என்றும் சொல்லிவிட்டார். அம்மாவின் ரத்தத்தை நானே எடுத்து நானே பார்த்தேன். மிஷின் காட்டிய ஹீமோகுளோபின் அளவைப் பார்த்ததும் எனக்கு முதலில் வந்தது கோபம். என் அம்மா இவ்வளவு வற்றிப்போகும்வரை நான் எங்கே இருந்தேன் என்று ஒரு கோபம். இவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று இன்னொரு கோபம்.

சத்து மாத்திரை போட்டால் வாந்தி எடுத்தாள். ஊசி போட்டு ஏற்றினோம். ஏறியது, மறுபடி இறங்கியது. சாப்பிட்டால்தானே நிற்கும்? சாம்பாரை அவள் 'பருப்புத் தண்ணி' என்பாள். கீரைக்கு 'புல்லு' என்று பெயர். கோழி வாங்கினால் ஒரு துண்டைச் சப்பிவிட்டு வைத்துவிடுவாள். பிறந்ததிலிருந்து மீனோடு சோறு தின்ற நாக்கு அது. மீன் இல்லாமல் இரண்டு கவளத்துக்கு மேல் இறங்குவதில்லை. அம்மா என் கண் முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தாள். இவளை மீன் தின்ன வைத்து, ஆபரேஷனுக்குக் கூட்டிப் போகாமல் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். நான் ஒன்றைப் பிடித்தால் உடும்புப் பிடிதான். ஆனால் அந்தப் பிடியை எனக்குக் கொடுத்தவளே எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

"நைனா போயிட்டாரும்மா. எவ்ளோ வருசம் ஆச்சு? தின்னும்மா."

"நீ மொதல்ல தின்னு. அப்புறமா எனக்குச் சொல்ல வா."

"நான் நல்லாத்தான இருக்குறேன்? உனக்குத்தான ஆபரேசன்?"

"அவரு எனக்கு மட்டுந்தான் ஒறவா? உனக்கு ஒன்னுமில்லியா?"

தினமும் இதே வாய்ச்சண்டை. அவளும் விடமாட்டாள், நானும் விடமாட்டேன். என் கணவர் டி.வி. சத்தத்தைக் கூட்டிவைத்துக்கொள்வார்.

ஒரு நாள் தெருவில் ஏரி மீன் வந்தது. பிளாஸ்டிக் டப்பில் உயிரோடு விரால். கடல் மீன் வண்டி வந்தால் உள்ளே போய்விடுகிற அம்மா, இதை நின்று பார்த்தாள். ஒரு விரால் துள்ளித் தரையில் விழுந்தபோது அவள் கை தானாக நீண்டது. பாதியிலேயே மடக்கிக்கொண்டாள். எனக்கு அது போதும்.

"இது ஏரி மீனும்மா. கடலக் கண்ணால கூட பாத்தது கெடையாது."

அம்மா யோசித்தாள். "இந்த ஏரி ரொம்புனா தண்ணி எங்க போவும்?"

"கலங்கல் வழியா ஆத்துக்குப் போவும்."

"ஆறு?"

நான் டப்பில் நெளிகிற விராலைப் பார்த்துக் குனிந்துகொண்டேன். செஞ்சி ஆறு புதுச்சேரிக்குத் தெற்கே கடலில் விழுகிறது.

"எங்க அத்தை ஊடு முகத்துவாரத்தாண்டதான் இருந்துச்சு. மழைக்காலத்துல உங்க ஊரு வைக்கோலு, பனங்கா, செத்த ஆடு எல்லாம் அங்க வந்து ஒதுங்கும். போறதுக்கு வழி இருந்தா வர்றதுக்கும் வழி இருக்கும். கடல் மீனு ஆத்துல ஏறாதா?" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அன்று நான் அடைந்த சந்தோஷத்தை என் கணவரால் புரிந்துகொள்ள முடியவில்லை. "மாட்டேன்னுதான சொன்னாங்க?" என்றார். அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை, நிபந்தனை போட்டாள். நிபந்தனை போடுகிறவளிடம் பேரம் பேசலாம். கடலோடு சம்பந்தமில்லாத தண்ணீர் ஒன்றை நான் கண்டுபிடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதிலிருந்து லேபுக்கு ரத்தம் கொடுக்க வருகிறவர்களையெல்லாம் விசாரிக்க ஆரம்பித்தேன். கையில் ரப்பரைக் கட்டிக்கொண்டே, "உங்க ஊரு ஏரித் தண்ணி எங்க போவுது?" என்பேன். பனமலைக்காரர், சீயமங்கலத்துக்காரர், யாரையும் விட்டுவைக்கவில்லை. ஊசி குத்துவது வலிக்காமல் இருக்கப் பேச்சுக் கொடுக்கிறேன் என்று சிலர் நினைத்தார்கள். ஒரு பெரியவர் மட்டும் ஏரி ஆக்கிரமிப்பைப் பற்றி சர்க்கார் விசாரிக்கிறது என்று பயந்து, தனக்கு ஏரிக்கரையில் நிலமே இல்லை என்று சத்தியம் செய்தார். எல்லோருடைய பதிலும் ஒன்றுதான். இந்த ஏரி வழிந்தால் அந்த ஏரி, அந்த ஏரி வழிந்தால் ஓடை, ஓடை ஆற்றில், ஆறு கடலில்.

கடைசியில் அது எங்கள் நிலத்திலேயே இருந்தது. என் மாமனாருக்கு வல்லம் போகும் வழியில் கொஞ்சம் நிலமும் ஒரு பெரிய கிணறும் உண்டு. மாமியார் நான் வருவதற்கு முன்பே காலமாகிவிட்டார். மாமனார் பகல் முழுக்க அந்த நிலத்தில்தான் இருப்பார். கிணறு பாறையில் வெட்டியது, நாலு பக்கமும் கல். மோட்டார் போட்டால் தண்ணீர் மல்லாட்டைக் கொல்லைக்குப் பாயும்; வேர்க்கடலைக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். பாய்ந்த தண்ணீர் அங்கேயே காயும், எங்கேயும் போகாது. கிணற்றில் கெண்டையும் கெளுத்தியும் கொழுத்துத் திரிந்தன. ஏனென்றால் அந்தக் கிணற்று மீனை எங்கள் வீட்டில் யாரும் தின்பதில்லை. தின்றால் ஊற்று அடைத்துக்கொள்ளும் என்று என் கணவர் சிறு வயதிலிருந்து கேட்டு வளர்ந்திருக்கிறார்.

ஒரு பக்கம் என் அம்மாவின் விலக்கு, இன்னொரு பக்கம் புகுந்த வீட்டு விலக்கு. ஆனால் ஊற்று அடைத்துக்கொள்ளும் என்பதெல்லாம் ஒரு காரணமா? நான் மாமனாருக்குக் காபி கொடுக்கும் சாக்கில் போய் நின்றேன்.

"மாமா, கெணத்து மீனு கொஞ்சம் புடிச்சிக்கட்டா? அம்மாவுக்கு."

டம்ளரை வாயருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். "அது நம்ம ஊட்ல திங்கறது இல்லியேம்மா."

"ஊத்து அடைச்சுக்கும்னுதான மாமா? அடைச்சா உங்க புள்ள போர் போட்டுத் தருவாரு. எங்கம்மா ஒடம்பு போச்சுன்னா நான் எங்க போவேன்?"

திமிரான பேச்சுதான். எனக்கு வேறு வழி தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்தார், காபியைப் பார்த்தார், பிறகு "சரி, புடிச்சிக்க" என்றார். அவர் முகம் சரியாக இல்லை என்பதை நான் கவனித்தேன். கவனித்தும் பேசாமல் வந்துவிட்டேன், அவர் மனம் மாறிவிடக் கூடாதே என்று.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவை நிலத்துக்குக் கூட்டிப் போனேன். மனை விற்கும் புரோக்கர் மாதிரி கிணற்றைச் சுற்றிக் காட்டினேன். நாலு பக்கமும் கல், வழி கிடையாது, வாய்க்கால் கிடையாது, எந்த ஏரியும் இதில் சேராது. அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக் குனிந்து பார்த்தாள். கீழே கெண்டை ஒன்று புரண்டு வெள்ளி வயிற்றைக் காட்டியது. நான் பல வருஷமாகப் பார்க்காத ஒரு வெளிச்சம் அவள் முகத்தில் வந்தது. என் கணவர் வலையோடு படியில் இறங்கத் தயாராக நின்றார்.

அம்மா நிமிர்ந்து, வேப்பமரத்தடியில் நின்றிருந்த மாமனாரைப் பார்த்தாள்.

"அண்ணே, இதுல யாருனா போயிருக்காங்களா?"

கேட்டது சாதாரணமாகத்தான். குடிக்கத் தண்ணீர் கேட்பது போலத்தான் கேட்டாள். மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்தார், மறுபடி தோளிலேயே போட்டார்.

"எந் தங்கச்சி" என்றார். "சின்னப் பொண்ணு. தண்ணி மொள்ளப் போயி உழுந்துட்டா. ரெண்டு நாள் கழிச்சுதான் தெரிஞ்சுது."

என் கணவர் வலையைக் கீழே வைத்தார். தனக்கு அப்படி ஓர் அத்தை இருந்ததே அவருக்கு அன்றைக்குத்தான் தெரியும். ஊற்று அடைத்துக்கொள்ளும் என்ற கதையை மட்டும் அவரிடம் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உண்மைக் காரணத்தை மாமனார் இத்தனை வருஷமும் தனியாக வைத்திருந்தார்.

அம்மா சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டாள். "அப்ப வேணாம்ணே" என்றாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கேக்காம கூட்டியாந்துட்டியேடி. அவங்க மனசு இன்னா பாடுபடும்?" என்று பல்லைக் கடித்தாள்.

தண்ணீர் எங்கே போகிறது என்று ஊர் முழுக்கக் கேட்டவள் நான். அதில் யார் போனார்கள் என்று ஒரே ஒரு தடவை வீட்டில் கேட்கவில்லை. கடலை நம்பி வாழ்ந்த குடும்பத்துப் பெண் கேட்கவேண்டிய முதல் கேள்வி அது. செஞ்சியில் இருந்து இருந்து மறந்திருக்கிறேன்.

திரும்பும் வழியில், ஆட்டோவில், எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "இப்புடியே பாத்தா ஒலகத்துல தண்ணியே இல்லம்மா! எல்லாத் தண்ணியும் எவனாவது ஒருத்தன முழுங்கித்தான் இருக்கும்!"

"இல்லாட்டி போவுது" என்றாள் அம்மா.

என் கணவர் சமாதானத்துக்கு, "கோட்டைக்குள்ள ஒரு கொளம் இருக்குது..." என்று ஆரம்பித்தார்.

"கோட்டையா? சண்ட போட்ட எடம்பா அது. கணக்கே இருக்காது" என்றாள். சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. நான் அன்று மாமனார் முகத்தைப் பார்க்க வெட்கப்பட்டு, சோற்றைப் போட்டுவிட்டு அடுக்களைக்குள் போய்விட்டேன்.

மறுநாள் காலை லேபுக்குப் போனால், வெறும் வயிற்றோடு ரத்தம் கொடுக்க வந்தவர்களுக்கு நடுவே மாமனார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவர் அங்கே வந்ததே கிடையாது.

"இன்னா மாமா, ஒடம்பு சரியில்லியா?"

"ஒடம்புக்கு இன்னா. அந்த மேட்டு மூலையில ஒரு குட்டை வெட்டிப்புடலாம்." சுற்றியிருந்தவர்கள் கேட்டுக்கொண்டிருப்பதைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. "அந்த எடத்துல தண்ணியே நின்னது இல்லம்மா. ஓடை கெடையாது, ஒன்னும் கெடையாது. நாமளே வெட்டுவோம், மழையப் புடிச்சி நிறுத்துவோம். ஆளத் தின்னாத தண்ணி ஒன்னு நம்ம ஊட்ல இருக்கட்டும்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். நான் அன்றைக்கு ஊசி குத்திய முதல் இரண்டு பேருக்கும் நரம்பு சரியாகக் கிடைக்கவில்லை. கண் கலங்கிக்கொண்டே இருந்தது.

ஆவணியில் பொக்லைன் வந்தது. மல்லாட்டை எடுத்த கொல்லையில் மேட்டு மூலையைத் தோண்டியது. அம்மா வரப்பில் பலகை போட்டு உட்கார்ந்து, ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பார்த்தாள். அடியில் களிமண் மிதித்து இறுக்கினோம். வெள்ளம் வந்தாலும் வெளித் தண்ணீர் உள்ளே வராதபடி மாமனார் கரையை உயர்த்தினார். எல்லாம் தயார். மழைதான் பாக்கி.

அங்கேதான் எனக்குள் ஒரு பயம். மழை எங்கிருந்து வருகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறேன். கடல் தண்ணீர் ஆவியாகி, மேகமாகி... அம்மா மட்டும் அதை யோசித்துவிட்டால் இந்தக் குட்டையும் போச்சு. மழை என்ற சொல் வந்தாலே பேச்சை மாற்றினேன். டி.வி.யில் வானிலை அறிக்கை வந்து, படத்தில் கடலிலிருந்து மேகம் கிளம்பினால், நான் பாய்ந்து சேனலை மாற்றுவேன். என் கணவர் விழுந்து விழுந்து சிரிப்பார்.

ஐப்பசியில் மழை கொட்டியது. நைனா போன மாதம். அந்த மாதம் முழுக்க அம்மா வழக்கமாகப் பேசமாட்டாள். இந்த வருஷம் குடையைப் பிடித்துக்கொண்டு குட்டையில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று பார்க்கப் போனாள். மீன் குஞ்சு வாங்கி வந்தபோது குறுக்கு விசாரணை நடந்தது.

"இது எங்க பொறந்துச்சு?"

"பண்ணையில, சிமெண்ட் தொட்டியிலம்மா."

"அதோட ஆயி அப்பன்?"

"அதுங்களும் தொட்டிதான்."

"தொட்டித் தண்ணி?"

"போர் தண்ணிம்மா."

சரி என்று தலையாட்டி, தன் கையாலேயே குஞ்சுகளைத் தண்ணீரில் விட்டாள்.

அதற்குப் பிறகு அந்தக் குட்டைக்கு அம்மாதான் காவல். சுற்றி முள்வேலி போடச் சொன்னாள். ஒரு ஆட்டுக்குட்டி விழுந்தாலும் தண்ணீர் கெட்டது என்று சட்டம். காலையில் பஸ் ஏறிப் போய், தவிடு தூவி, கொக்கை விரட்டி, ஆடு மேய்க்கிறவர்களோடு சண்டை போட்டு, மதியம் பசியோடு வந்து உட்காருவாள். பசித்தால் பருப்புத் தண்ணீர்கூட இறங்கத்தான் செய்கிறது. இரண்டு கரண்டி, மூன்று கரண்டி என்று ஏறியது. மாதாமாதம் நான் ரத்தம் எடுத்துப் பார்த்தேன். மீன் வயிற்றுக்குள் போவதற்கு முன்பே ரத்தம் ஏற ஆரம்பித்துவிட்டது.

டாக்டரம்மா பார்த்துவிட்டு, "தேறிட்டீங்களே, சேர்த்துக்கலாமா?" என்றார். அம்மா, "மீனு பெருக்கட்டும் டாக்டரம்மா. தின்னுட்டு வந்து படுத்துக்கறேன்" என்றாள். டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மேலே ஓடுகிற ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆபரேஷன் பிறகு நல்லபடியாக நடந்தது, அம்மா இப்போது என்னைவிட வேகமாக நடக்கிறாள் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். நான் சொல்ல வந்தது அதற்கு முந்தின வாரம்.

மாங்காய்க் காலம். என் கணவர் வலை போட்டு, கைக்கு அடங்காத கெண்டைகளாக எடுத்தார். அம்மா மோட்டார் கொட்டகை ஓரமாகக் கல் கூட்டி அடுப்பு மூட்டினாள். என்னைப் பக்கத்தில் விடவில்லை. சாம்பல் போட்டுத் தேய்த்து, ஆய்ந்து, பூண்டு தட்டி, புளி கரைத்து, மாங்காய் கீறிப் போட்டாள். இத்தனை வருஷம் கழித்தும் அவள் கை ஒரு இடத்தில்கூடத் தயங்கவில்லை. குழம்பு கொதித்தபோது வந்த வாசனை எங்கள் குப்பத்து வீட்டு வாசனை.

வேப்பமரத்தடியில் இலை போட்டோம். முதலில் மாமனாருக்கு வைத்தாள், பிறகு என் கணவருக்கு. தனக்கும் ஒரு துண்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். எனக்கு வழக்கம் போல வீட்டிலிருந்து ரசம் கொண்டு வந்திருந்தேன். அவள் தின்னட்டும், அது போதும் என்று இருந்தேன்.

அம்மா துண்டைப் பிட்டுக் கையில் எடுத்தாள். வாய்க்குக் கொண்டுபோகாமல் குட்டையைப் பார்த்தாள்.

"ஏண்டி, மழை எங்க இருந்து வருது?"

என் கணவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். நான் ரசப் பாத்திரத்தைத் திறந்தேன்.

"எனக்குத் தெரியாதுன்னா சேனலு மாத்திக்கினு இருந்த? உப்பளத்துல அத்தினி வருசம் எதப் பாத்துக்கினு நின்னேன்? பாத்தியில உட்ட கடத்தண்ணி வெயில்ல மேல போவும். வெறும் தண்ணி மட்டுந்தான் போவும். மீதியெல்லாம் கீழயே நின்னுடும்."

கையிலிருந்த மீனைப் பார்த்தாள்.

"உப்பும் அங்கியே இருக்குது. உங்க நைனாவும் அங்கியே இருக்காரு."

'வருவாரு' என்பதைத் தவிர வேறு வார்த்தை அவர் விஷயத்தில் அவள் வாயிலிருந்து நான் கேட்டதில்லை. மாமனார் இலையிலிருந்து கையை எடுத்துத் தலை குனிந்துகொண்டார். அம்மா அழவில்லை. மீனை வாயில் போட்டு, நிதானமாக மென்று, முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வைத்தாள். அடுத்த கவளம் எடுத்தாள். அதற்கடுத்ததும் எடுத்தாள்.

பிறகு என் ரசத்தைத் தள்ளி வைத்துவிட்டு, சட்டியிலிருந்து நல்ல வயிற்றுத் துண்டாகப் பார்த்து எடுத்து என் இலையில் வைத்தாள். "தின்னு."

தின்றேன். தொண்டை மூடவில்லை. அழுகைதான் வந்தது, அழுதுகொண்டே தின்றேன்.

"முள்ளு பாத்து" என்றாள் அம்மா.